இழந்த கணிப்பொறித் தகவல்களைத் தொலைவிலிருந்து மீட்டல்

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு காணவில்லை என்றால் அதைத் தேடுவதற்கு முன்பு ஓர் ஒழுங்கு இருந்தது. பதிவறை எழுத்தர் பதிவேட்டைப் புரட்டுவார். கோப்பு கடைசியாக எந்த மேசைக்குச் சென்றது என்று பார்ப்பார். அந்த மேசையின் அடியிலோ அலமாரியின் பின்புறத்திலோ அது பெரும்பாலும் அகப்பட்டுவிடும். இன்று கோப்பே கணிப்பொறிக்குள் குடிபுகுந்துவிட்டது. கர்நாடக மாநிலம் 2000-ஆம் ஆண்டையொட்டிப் 'பூமி' திட்டத்தின் கீழ் சுமார் 67 லட்சம் விவசாயிகளுக்கு உரிய 2 கோடி நிலப் பதிவுகளைக் கணிப்பொறிக்கு மாற்றியது. அதன்பின் கையால் எழுதித் தரும் சான்றுக்குச் சட்டப்படி மதிப்பு இல்லை என்றும் விதித்தது. இத்தகைய நிலையில் ஒரு வட்ட அலுவலகத்தின் தகவல் அழிந்தால் அது அலுவலகத்தின் இழப்பு மட்டுமன்று. வங்கிக் கடன் கேட்டு நிற்கும் உழவர் தமது நிலத்தைத் தமது என்று காட்ட இயலாதவராகிறார்.

1976-ல் தோன்றிய தேசியத் தகவலியல் மையம், 1980-களில் செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களைத் தலைநகருடன் இணைக்கத் தொடங்கியது. அன்று முதல் இன்றுவரை தீராத ஒரு பிரச்சினை உண்டு. கணிப்பொறி எல்லா இடங்களுக்கும் சென்றுவிட்டது. அதைச் சீர்செய்யத் தெரிந்தவர் எல்லா இடங்களிலும் இல்லை. ஒரு வன்தட்டு பழுதானால் அதைப் பெட்டியிலிட்டுப் பெருநகரத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. வல்லுநர் இருந்த இடத்திலிருந்தே இணையத்தின் வழியாக வட்டை ஆராய்ந்து தகவலை மீட்டுத் தரும் முறை இக்குறையை ஓரளவு போக்கியுள்ளது. அது எவ்வாறு நிகழ்கிறது, எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதை நிர்வாகத்தில் உள்ளோர் அறிந்திருப்பது அவசியம்.

அழிந்தது எங்கே செல்கிறது?

கணிப்பொறியில் ஒரு கோப்பை 'அழி' என்று கட்டளையிட்டவுடன் அதன் உள்ளடக்கம் அழிவதில்லை. நூலகத்தில் ஒரு நூலின் அட்டையை மட்டும் பெட்டியிலிருந்து உருவிவிட்டால் நூல் அலமாரியிலேயே இருப்பதைப் போன்றது இது. வன்தட்டில் ஒவ்வொரு கோப்பின் பெயர், அளவு, அது எந்தெந்த இடங்களில் எழுதப்பட்டுள்ளது என்ற விவரம் ஆகியவை ஓர் அட்டவணையில் இருக்கும். விண்டோஸ் கணிப்பொறிகளில் பரவலாக உள்ள என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் இதற்குத் தலைமைக் கோப்பு அட்டவணை என்று பெயர். கோப்பை அழிக்கும்போது அந்த அட்டவணையில் உள்ள பதிவு 'காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. உள்ளடக்கம் இருந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும்.

அட்டவணையே சிதைந்துபோனாலும் வழி அடைபடுவதில்லை. பல வகைக் கோப்புகள் தம் தொடக்கத்தில் ஓர் அடையாளத்தைக் கொண்டவை. பி.டி.எஃப். கோப்பு அந்த வடிவத்தின் பெயருடனேயே தொடங்கும். ஜேபெக் படத்துக்கும் மாறாத தொடக்கக் குறி உண்டு. வட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து இவ்வடையாளங்களைத் தேடிக் கோப்புகளைப் பிரித்தெடுக்கலாம். ஆனால் இவ்வாறு கிடைப்பவற்றுக்குப் பெயர் இராது. எந்தக் கோப்புறையில் இருந்தன என்பதும் தெரியாது. துண்டு துண்டாகப் பல இடங்களில் எழுதப்பட்ட பெரிய கோப்புகள் இம்முறையில் முழுமையாகக் கிடைப்பது அரிது. பத்தாயிரம் பெயரற்ற கோப்புகளைத் திறந்து பார்த்து அடுக்குவது எத்தனை எழுத்தர்களுக்கு எத்தனை நாள் வேலை என்பதை எந்த விலைப்புள்ளியும் சொல்வதில்லை.

மேலே கூறியவை சுழலும் காந்தத் தட்டுகளைக் கொண்ட பழைய வகை வன்தட்டுக்கே முழுவதும் பொருந்தும். அண்மைக் காலத்துக் கணிப்பொறிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. எனும் நினைவகம் வேறு இயல்புடையது. அதில் பழையதன் மேல் நேரடியாக எழுத இயலாது. முதலில் துடைத்துவிட்டுப் பிறகே எழுத வேண்டும். எனவே எந்தெந்த இடம் இனித் தேவையில்லை என்பதை இயக்க அமைப்பு 'டிரிம்' என்ற கட்டளை மூலம் நினைவகத்துக்கு உடனுக்குடன் தெரிவிக்கிறது. 2009-ல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல் இவ்வசதி உள்ளது. நினைவகமும் ஓய்வு நேரத்தில் அவ்விடங்களைத் துடைத்து வைக்கிறது. காந்தத் தட்டில் பல மாதங்கள் கழித்தும் கிடைக்கக்கூடிய கோப்பு இதில் சில நிமிடங்களில் மறைந்துவிடலாம். புதிய கணிப்பொறி வேகமானது என்று மகிழும் அலுவலகங்கள், தவறுதலாக அழித்ததை மீட்கும் வாய்ப்பு அதில் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தொலைவிலிருந்து செய்யும் முறை

முதல் விதி, தகவல் இழந்த வட்டில் எதையும் எழுதக்கூடாது என்பதாகும். இது எளிதாகத் தோன்றினாலும் மீறப்படுவதே மிகுதி. கணிப்பொறி இயங்கிக்கொண்டிருந்தாலே, யாரும் தொடாவிட்டாலும், அது தற்காலிகக் கோப்புகளையும் குறிப்பேடுகளையும் புதுப்பிப்புகளையும் வட்டில் எழுதிக்கொண்டிருக்கும். மீட்பு மென்பொருள் ஒன்றைத் தேடி அதே கணிப்பொறியில் இணையத்தில் உலவினால், பார்க்கும் ஒவ்வொரு பக்கமும் அதே வட்டில் சேமிக்கப்படும். பதிவிறக்கிய மென்பொருளை அங்கேயே நிறுவினால், தேடப்படும் கோப்பின் மேலேயே அது அமர்ந்துவிடக்கூடும். மீட்க வந்தவரே அழித்தவராகும் இந்நிலை வியப்புக்குரியதன்று, அன்றாடம் நடப்பதுதான்.

ஆதலால் முறைப்படி செய்வோர் அக்கணிப்பொறியை அதன் சொந்த இயக்க அமைப்பால் தொடங்குவதில்லை. தனி இயக்க அமைப்பு பதிந்த யு.எஸ்.பி. துண்டைச் செருகி அதிலிருந்து தொடங்குவர். பழுதான வட்டு படிக்க மட்டுமே என்ற நிலையில் வைக்கப்படும். மீட்ட கோப்புகளைச் சேமிக்க வேறொரு வெளிவட்டு பொருத்தப்படும். உள்ளூர் ஊழியர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அதன்பின் குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பின் வழியே தொலைவில் உள்ள வல்லுநர் பணியைத் தொடர்வார்.

அவர் பணியாற்றும் வழி இரு வகைப்படும். உள்ளூர்க் கணிப்பொறியின் திரையைத் தமது திரையில் கண்டு, அங்குள்ள மென்பொருளைத் தாமே இயக்குவது ஒரு வழி. இதில் இணையத்தில் செல்வது திரைக் காட்சியும் விசை அழுத்தங்களும் மட்டுமே. கனமான வேலை உள்ளூரிலேயே நடக்கும். மற்றொரு வழியில், வட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் எண் குறிப்பிட்டுக் கேட்டுப் பெறும் வகையில் வட்டையே இணைப்பின் வழியே திறந்துவிடுவர். வல்லுநரின் கணிப்பொறிக்கு அந்த வட்டு தன்னிடமே பொருத்தப்பட்டது போலத் தோன்றும். சிதைந்த அட்டவணையை அவர் தம்மிடம் வைத்துச் சரிசெய்து பார்க்கலாம். மூலவட்டில் எதையும் மாற்றாமலேயே, மீட்கக்கூடிய கோப்புகளின் பட்டியலை உரியவருக்குக் காட்டலாம்.

இரண்டாம் வழி எவ்வாறு சாத்தியமாகிறது என்பதைச் சிறு கணக்கு விளக்கும். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வட்டை முழுவதும் விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அனுப்ப 8 லட்சம் விநாடிகள், அதாவது 9 நாட்களுக்கு மேல் ஆகும். 100 மெகாபிட் வேகத்தில் சுமார் 22 மணி நேரம். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் இன்னும் நீளும். ஆனால் வட்டு முழுவதையும் அனுப்பத் தேவையில்லை. தலைமைக் கோப்பு அட்டவணையில் ஒரு கோப்புக்கு வழக்கமாக ஒரு கிலோபைட் இடமே உண்டு. 5 லட்சம் கோப்புகள் உள்ள வட்டின் அட்டவணை சுமார் 500 மெகாபைட். அதே 10 மெகாபிட் இணைப்பில் இது 7 நிமிடங்களில் வந்து சேரும். அதைக் கொண்டே எது இருக்கிறது, எது போய்விட்டது என்பதில் பெரும்பகுதியை அறிந்துகொள்ளலாம். பிறகு தேவையான கோப்புகளை மட்டும் எடுத்தால் போதும்.

இங்கு ஒரு நடைமுறைச் சிக்கலைக் குறிப்பிட வேண்டும். விளம்பரங்களில் சொல்லப்படும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகமே. மீட்புப் பணிக்கு வேண்டியதோ ஏற்றும் வேகம். பல இணைப்புகளில் அது மிகவும் குறைவு. சுமார் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 100 மெகாபிட் இணைப்பு அளிப்பதை இலக்காகக் கொண்டு 2011-ல் ஒப்புதல் பெற்ற கண்ணாடி இழைத் திட்டம், பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. அத்தகைய இணைப்பு உண்மையாகவே இயங்கும் இடங்களில் தொலை மீட்பு பயன் தரும். கம்பி வந்து சேர்ந்தும் பெட்டியில் விளக்கு எரியாத இடங்களில் வட்டைப் பேருந்தில் அனுப்புவதே விரைவானது.

எடுக்கப்பட்ட கோப்பு மாறாமல் வந்ததா என்பதை 'ஹாஷ்' எனும் அடையாள எண்ணால் சரிபார்ப்பர். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இவ்வெண் முற்றிலும் மாறிவிடும். அரசு அலுவலகங்களுக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக அளிக்கும்போது இணைக்கும் சான்றிதழில் இந்த எண்ணும் குறிக்கப்படுகிறது. வழக்குக்கு உரிய கோப்பை மீட்கும்போது எண்ணைக் குறித்து வைக்காவிட்டால், கோப்பு கிடைத்தும் அதன் நம்பகத்தைப் பற்றிய வாதம் மிஞ்சும்.

முயலக்கூடாத இடங்கள்

வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை எழுந்தால் தொலை மீட்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. படிக்கும் முனை தட்டின் மேற்பரப்புக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. அது தட்டைத் தொட்டுவிட்டால் ஒவ்வொரு சுழற்சியும் காந்தப் பூச்சைச் சுரண்டும். உடனே மின்சாரத்தை நிறுத்தி, தூசற்ற அறை உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவதே செய்யத்தக்கது. வெள்ளத்தில் நனைந்த வட்டும், தீயில் சிக்கிய வட்டும் இவ்வகையினவே. முழு வட்டும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புத் திறவுகோல் இன்றி எந்த வல்லுநராலும் எதுவும் செய்ய இயலாது. விண்டோஸின் பிட்லாக்கரில் இது 48 இலக்க எண். அலுவலர் மாறுதலாகிச் செல்லும்போது சாவிக்கொத்தை ஒப்படைக்கிறார். இந்த எண்ணை ஒப்படைப்பவர் சிலரே.

ரான்சம்வேர் எனப்படும் பணயத் தாக்குதலில் நிலைமை இன்னும் வேறானது. தாக்கியவர் கோப்புகளைக் குறியாக்கம் செய்துவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்பார். இந்நிலையில் முதற்பணி, கணிப்பொறியை வலையிலிருந்து துண்டிப்பது. தொலைவிலிருந்து யாரையும் உள்ளே அழைப்பது அன்று. 2016 ஜூலையில் நெதர்லாந்துக் காவல்துறையும் யூரோபோலும் இரு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற ஏற்பாடு, ஏற்கெனவே முறியடிக்கப்பட்ட வகைகளுக்கான திறப்பு மென்பொருள்களை இலவசமாக வழங்குகிறது. அப்பட்டியலில் இல்லாத வகையாயின் காப்பு நகல் ஒன்றே கதி.

நடந்த நிகழ்ச்சிகள் சில

2022 நவம்பர் 23-ஆம் நாள் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தகவல் குறியாக்கத்துக்கு உள்ளாயிற்று. வலையமைப்பு தக்கவாறு பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாமையே ஊடுருவலுக்கு இடமளித்தது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த நோயாளிகளுக்குப் பதிவு, அனுமதி, ஆய்வக முடிவு அனைத்தும் கையால் எழுதும் முறைக்குத் திரும்பின. பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்து மருத்துவமனைத் தகவல்கள் முழுவதும் எடுக்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டன. பெரும்பாலான பணிகள் இரண்டு வாரங்களில் மீண்டும் இயங்கலாயின. அந்த ஒரு காப்பு சர்வரும் தாக்கப்பட்டவற்றோடு சேர்ந்திருந்தால் நோயாளிகளின் கடந்த கால மருத்துவ விவரங்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு வாரம் என்பது நீண்ட காலம் என்று குறை கூறுவோர், ஊடுருவல் நடந்த வலையில் ஒவ்வொரு கணிப்பொறியையும் துடைத்துத் தூய்மை செய்தபின்பே தகவலை மீண்டும் ஏற்ற இயலும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காப்பு நகல் இருப்பதாக நம்பியிருந்தும் இல்லாமற் போனதற்குக் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ல் நடந்தது சான்று. அந்நிறுவனத்தின் பணியாளர் பல நாடுகளிலிருந்து இணையத்தின் வழியே பணிபுரிவோர். பொறியாளர் ஒருவர் இரண்டாம் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தகவல் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவறு தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட் போய்விட்டது. நாள்தோறும் எடுக்கப்பட்டதாகக் கருதிய காப்பு நகலைத் தேடியபோது அங்கு ஒன்றும் இல்லை. நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பு தகவல் தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ உரிய கையொப்பம் இல்லாமையால் பெறுவோரிடம் சேராமலே நிராகரிக்கப்பட்டு வந்தன. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் தற்செயலாக எடுத்திருந்த நகலே கைகொடுத்தது. அதுவும் வேகம் குறைந்த சேமிப்பில் இருந்தது. விநாடிக்கு 60 மெகாபிட் அளவே வெளியே வர, பணி முடிய ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துப் பதிவுகள் திரும்பவில்லை. இவற்றையெல்லாம் அந்நிறுவனம் தானே விரிவாக வெளியிட்டது பாராட்டத்தக்கது. அரசுத் துறைகளின் தோல்விகளும் இவ்வாறு எழுதி வைக்கப்பட்டால் அடுத்த மாவட்டத்துக்கு அது பாடநூலாகும்.

கொரியக் குடியரசின் அனுபவம் அரசு அலுவலர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2025 செப்டம்பர் 26-ல் தேஜான் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் மின்கலங்களிலிருந்து தீப்பற்றியது. 600-க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள் நின்றுபோயின. அலுவலர்கள் தம் பணிக் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' எனும் பொதுச் சேமிப்பு முற்றிலும் எரிந்தது. அதில் இருந்த 858 டெராபைட் தகவலுக்கு வெளியிடத்தில் நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். விநாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் அவ்வளவையும் அனுப்ப ஏறத்தாழ 80 நாட்கள் ஆகும் என்பது உண்மையே. ஆனால் இக்காலம் முதல் நகலுக்கு மட்டுமே உரியது. அதையும் வட்டுகளாகவே வண்டியில் ஏற்றி அனுப்பலாம். அதன்பின் நாள்தோறும் மாறியவற்றை அனுப்பினால் போதும். அது மொத்தத்தில் சிறு பகுதியே. எனவே பெரிது என்ற காரணம் பொருளாதார நோக்கில் நிற்கக்கூடியதன்று. காப்பு நகலுக்கான செலவு ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. அது தடுக்கும் இழப்பு எந்தத் தலைப்பிலும் காட்டப்படுவதில்லை. செலவைக் குறைக்க வேண்டிய ஆண்டில் முதலில் வெட்டப்படுவது இது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உள்ளே விடுவது யாரை?

தொலை மீட்பு என்பது முன்பின் அறியாத ஒருவரிடம் அலுவலகத்தின் பதிவறைச் சாவியை அளிப்பதற்கு ஒப்பாகும். வட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் படிக்கும் உரிமை பெற்றவர், மீட்க வேண்டியதை மட்டுமன்றி எல்லாவற்றையும் படிக்க இயலும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவு உரியவரின் அனுமதியின்றிக் கணிப்பொறியை அணுகுவதையும் தகவலை நகலெடுப்பதையும் இழப்பீட்டுக்கு உரிய செயலாக்குகிறது; கெடுநோக்குடன் செய்தால் 66-ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் அனுமதி கொடுத்தபின் அதன் எல்லை எது என்பது எழுத்தில் இல்லாவிட்டால் சட்டத்தின் துணை தளர்ந்துவிடும்.

பொதுப் பதிவேடுகள் சட்டம் 1993 அலுவலர் பலர் கவனத்தில் கொள்ளாத ஒன்று. கணிப்பொறியால் உருவாக்கப்பட்டவையும் அதன்படி பொதுப் பதிவேடுகளே. மத்திய அரசின் அலுவலகங்கள், யூனியன் பிரதேச நிர்வாகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் பதிவேடுகளை, அலுவல் நோக்கத்துக்காக அன்றி, முன் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல 4-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வெளிநாட்டில் அமர்ந்துள்ள மீட்பு நிறுவனம் தன் கணிப்பொறிக்குக் கோப்புகளை எடுத்துக்கொள்ளும்போது இக்கேள்வி எழுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் தகவல் எந்த நாட்டில் தங்கும் என்று கேட்பது எளிது. பின்னர் விளக்கம் எழுதுவது கடினம்.

இணையப் பாதுகாப்பு நிகழ்வாயின் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட ஆணையின்படி, அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாட்களின் இயக்கக் குறிப்புகளையும் வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் கணிப்பொறியைத் துடைத்துப் புதிதாக நிறுவிவிட்டால் இக்குறிப்புகளும் கூடவே போய்விடும்.

பொதுமக்களை ஏமாற்றுவோரும் இதே கருவியைக் கையாள்கின்றனர். உதவி செய்வதாகத் தொலைபேசியில் அழைத்து, தொலை அணுகல் செயலியை நிறுவச் செய்து, வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. உதவி தேவைப்படுபவர் தாமே தேடிச் சென்று அழைத்ததற்கும், அழைப்பு தம்மைத் தேடி வந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கணிப்பொறி இயக்குநர்களுக்கும் உணர்த்த வேண்டும். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 1930.

அலுவலகம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவை இரண்டு. எத்தனை மணி நேரத்துப் பதிவுகள் போனால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. எத்தனை மணி நேரம் பணி நின்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. மழை அளவுப் பதிவுக்கும் ஓய்வூதியக் கணக்குக்கும் விடை ஒன்றாக இராது. ஓய்வூதியப் பிரிவில் ஒரு நாள் பதிவு போனால் மறுநாள் கையால் திரும்ப ஏற்றலாம். மாதத்தின் கடைசி வாரத்தில் மூன்று நாட்கள் பணி நின்றால் முதியோர் வங்கி வாசலில் நிற்க நேரிடும். இவ்விரு எண்களையும் துறைத்தலைவர் எழுத்தில் தந்தபின்பே நகல் எத்தனை மணிக்கு ஒருமுறை எடுக்கப்பட வேண்டும், எவ்வளவு தொலைவில் வைக்கப்பட வேண்டும், இணைப்பின் வேகம் என்ன என்பவற்றைத் தொழில்நுட்பப் பிரிவு கணக்கிட இயலும்.

காலாண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி ஒரு கோப்பைத் தேர்ந்து, அதை வெளியிடத்து நகலிலிருந்து வேறொரு கணிப்பொறியில் மீட்டுப் பார்க்கலாம். கேட்ட நேரம், கிடைத்த நேரம், ஹாஷ் எண் பொருந்தியதா, கடவுச்சொல் யாரிடம் இருந்தது ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்து அலுவலகத் தலைவர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவேடு தாளில் இருப்பது நல்லது.